மிளகாய் ஒன்றுகூட முளைக்கவில்லை, தக்காளி நாற்று சாய்ந்துபோனது: குறை விதையிலா, வளர்த்த விதத்திலா?

தர்மபுரி மொட்டைமாடி
ஜூலை 6, இரவு 9:12

வணக்கம். தர்மபுரி டவுனில் இருக்கிறோம். மொட்டைமாடியில் பதினைந்து பை வைத்து மூன்று வருடமாகக் கீரையும் புதினாவும் போடுகிறேன். காய்களை விதையிலிருந்தே வளர்க்க வேண்டும் என்று இந்த வருடம்தான் இறங்கினேன். 98 குழி உள்ள குழித்தட்டு ஒன்று, 5 கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஒன்று, நான்கு விதைப் பாக்கெட் வாங்கி, ஜூன் 17 அன்று விதைத்தேன்.

இன்றோடு 19 நாள். மிளகாய் 40 குழியில் போட்டேன், ஒன்றுகூட வரவில்லை. பிகேஎம் 1 என்ற ரகத் தக்காளி 40 குழியில் 33 முளைத்தது. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் தினமும் காலையில் போய்ப் பார்த்தால் ஐந்தாறு நாற்று சாய்ந்து கிடக்கும். இப்போது மீதி இரண்டுதான். கத்தரி 18 குழியில் 3. வெண்டையை மட்டும் நேராகப் பையில் ஊன்றினேன், அது ஐந்தாம் நாளே வந்து நன்றாக நிற்கிறது.

கடையில் கேட்டால் விதையில் குறை இல்லை என்கிறார்கள். நாற்றே விலைக்குக் கிடைக்கும்போது இது எதற்கு என்று அம்மா கேட்கிறார். என் மகள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடித் தட்டைப் பார்க்கிறாள். எங்கே தவறியது என்று தெரிந்தால் போதும், மறுபடியும் போட்டுவிடுவேன்.

பாலக்கோடு தக்காளித் தோட்டம்
ஜூலை 6, இரவு 10:40

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தக்காளி போடுகிற விவசாயிகளே பெரும்பாலும் இப்போது சொந்தமாக நாற்றங்கால் விடுவதில்லை. விதைப் பாக்கெட்டை நாற்றுப் பண்ணையில் கொடுத்துவிட்டு 25 நாள் கழித்துப் போய் நாற்றை எடுத்து வருகிறோம். ஏக்கர் கணக்கில் போடுகிறவனுக்கு அதுதான் கட்டும். வீட்டுக்குப் பத்துச் செடி வேண்டும் என்றால் கணக்கு வேறு. எந்த ரகம் என்று தெரிந்து நாமே வளர்க்கலாம், அந்தப் பழத்திலிருந்தே அடுத்த வருட விதையும் எடுக்கலாம். அதனால் விட்டுவிடாதீர்கள்.

சாய்ந்த நாற்றைப் பிடுங்கிப் பார்த்தீர்களா? தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் பட்ட காகிதம் போல் நைந்து, நூலாக இளைத்திருந்ததா? தண்ணீர் எத்தனை வேளை ஊற்றினீர்கள்?

தர்மபுரி மொட்டைமாடி
ஜூலை 7, காலை 6:50

ஆமாம் அண்ணா, அப்படியே நூல் மாதிரிதான் இருந்தது. மேலே இலை பச்சையாகவே இருந்தது. வெயில் அதிகமாயிற்றே என்று காலை, மதியம், சாயந்திரம் மூன்று வேளையும் பூவாளியில் ஊற்றினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் வாரம் தட்டைக் கீழே வராந்தாவில் வைத்திருந்தேன். தக்காளி முளைத்ததும் வெயில் வேண்டுமே என்று மாடிக்கு ஏற்றிவிட்டேன். மிளகாய், கத்தரிப் பக்கம் ஈரம் காயாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினேன்.

பாலக்கோடு தக்காளித் தோட்டம்
ஜூலை 7, காலை 7:30

தக்காளிக்கு வந்தது நாற்றழுகல். பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் பெரும்பாலும் காரணம். அது எந்த மண்ணிலும் இருக்கும், ஈரம் வடியாமல் நின்றால் கிளம்பும். நெருக்கி விதைத்தாலும், சாயந்திரம் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஈரமாக விட்டாலும் அதற்குக் கொண்டாட்டம். சாய்ந்த நாற்றை இனிக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழிகளில் உள்ளதைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி நல்ல வெயிலில் காயப் போடுங்கள்.

நார்க்கழிவை ஒரு கை அள்ளிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. அதுதான் அளவு. காலையில் ஒரு தடவை, மேல் பரப்பு காய்ந்தால் மட்டும் ஊற்றினால் போதும்.

காவேரிப்பட்டணம் விதைப்பெட்டி
ஜூலை 7, பகல் 2:15

தக்காளியைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. மிளகாயில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மிளகாய் விதை முளைக்க எட்டிலிருந்து பதினைந்து நாள் எடுக்கும். நீங்கள் ஏழாம் நாள், அது உள்ளே ஊறி முளை விடப்போகிற நேரத்தில், கான்கிரீட் தளத்தில் வெயிலில் வைத்துப் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கிறீர்கள். முளைக்கும்வரை விதைக்கு வெயிலே தேவையில்லை, இளஞ்சூடும் ஈரமும்தான் வேண்டும். மூடிய தாளுக்குள் அது அவிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியும் இது என் ஊகம்தான். விதையே செத்த விதையாக இருந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, எல்லோரும் இதை ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

பாக்கெட்டில் மீதி விதை இருக்கிறது அல்லவா? ரகத்துக்குப் பத்து விதை எண்ணி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டுங்கள். ஒரு டப்பாவில் போட்டு, மூடியை லேசாகத் திறந்து, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். துணி காயாமல் தெளியுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 14 நாள்வரை பொறுங்கள். பத்துக்கு எத்தனை வந்தது என்று எண்ணிச் சொல்லுங்கள். துணியில் முளைத்து மண்ணில் முளைக்கவில்லை என்றால் விதையைக் குறை சொல்ல முடியாது.

பாக்கெட்டின் பின்புறத்தையும் படியுங்கள். முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எப்போது பரிசோதித்தது என்று போட்டிருக்கும். குறைந்தபட்ச அளவு தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது நூறு மிளகாய் விதையில் நாற்பது முளைக்காவிட்டாலும் அது விற்கத் தகுந்த விதைதான். முதல் தடவை போடுகிறவர்களுக்கு இது தெரியாததால் குழிக்கு ஒரு விதை என்று போட்டு மனம் உடைந்துபோகிறார்கள். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் அந்தச் சீட்டுக்குக் கெடு. கெடு தாண்டினால் விதை உடனே செத்துவிடும் என்று அர்த்தம் இல்லை, ஆனால் அந்தச் சதவீதத்தை நம்ப முடியாது.

தளி மலையோரம்
ஜூலை 7, மாலை 6:05

எங்கள் ஊரில் இதற்கு நேர் எதிர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் மிளகாய் விதைத்தால் குளிரில் அப்படியே கிடக்கும். மூன்று வாரம் பார்த்து, விதை போலி என்று தட்டையே கொட்டிவிட்டேன். கொட்டிய இடத்தில் தை கடைசியில் நாலைந்து செடி முளைத்தது! அதற்குப் பிறகு குளிர்காலத்தில் மிளகாய்த் தட்டைச் சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம் வைக்கிறேன், பன்னிரண்டு நாளில் வந்துவிடுகிறது. ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள்தான், ஆனால் தர்மபுரி டவுனுக்குச் சொல்கிற முறையைத் தளியில் அப்படியே செய்ய முடியாது.

அரூர் பழைய தோட்டக்காரர்
ஜூலை 8, காலை 5:30

எல்லோரும் விதையையும் வெயிலையும் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீரை யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா என்ன தண்ணீர் ஊற்றினார்? எங்கள் தெருவில் பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான் தொட்டிக்குப் போகிறது. பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வளர்ந்த செடி அதைத் தாங்கும், முளைக்கிற விதை தாங்காது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நான் நாற்றுக்கு மட்டும் அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு எடுத்து வைக்கிறேன். மழை பெய்தால் அண்டாவில் பிடித்து வைப்பேன். நாற்றுக்கு மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை, இது ஐம்பது வருடமாக நான் பார்த்தது.

காவேரிப்பட்டணம் விதைப்பெட்டி
ஜூலை 8, காலை 9:20

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பாத்திரத்தில் படிகிற சுண்ணாம்புக் காரையும் உப்பும் வேறு வேறு. கடினத் தண்ணீர் மட்டும் விதையைக் கொன்றுவிடாது. உப்புத் தண்ணீர்தான் விதையை ஊறவே விடாது. இங்கே உப்பு இன்னொரு வழியாகவும் வந்திருக்கும்: நார்க்கழிவுக் கட்டியைக் கழுவினீர்களா? தென்னை மட்டையிலேயே உப்பு உண்டு, உப்பங்கழியில் ஊற வைத்த மட்டை என்றால் இன்னும் அதிகம். ஊற வைத்து, சாக்கில் கட்டித் தொங்கவிட்டு வடித்து, மறுபடி ஊற்றி, இப்படி இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். முதலில் டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வரும், வெளுக்கும்வரை கழுவுங்கள். வெண்டை மண் கலந்த பையில் பிழைத்ததும், தட்டில் போட்டவை படுத்ததும் எனக்கு இந்தச் சந்தேகத்தைத்தான் கிளப்புகிறது.

தர்மபுரி மொட்டைமாடி
ஜூலை 8, இரவு 8:45

கழுவவில்லை அக்கா. தண்ணீர் ஊற்றி உப்பியதும் அப்படியே குழியில் நிரப்பினேன். தண்ணீரும் போர்த் தண்ணீர்தான். இன்று பத்துப் பத்தாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். மகள்தான் எண்ணினாள்.

ஊத்தங்கரை வெண்டைக்காய்
ஜூலை 9, காலை 11:00

பஞ்சகவ்யத்தில் ஊற வைத்துப் போடுங்கள், எல்லா விதையும் முளைக்கும் என்று எங்கும் சொல்கிறார்களே, அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

பாலக்கோடு தக்காளித் தோட்டம்
ஜூலை 9, பகல் 1:10

நல்லதுதான், அளவு முக்கியம். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து 20 நிமிடம் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் தண்ணீரே கலக்காமல் பஞ்சகவ்யத்தில் ராத்திரி முழுக்கப் பாகல் விதையைப் போட்டு வைத்தேன், காலையில் கொழகொழவென்று நாறிப்போனது. செத்த விதையை எதில் ஊற வைத்தாலும் உயிர் வராது.

நாற்றழுகலுக்கு என்றால் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் இன்னும் நேரான வழி. கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு. வீட்டுப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். ஆறிய சோற்றுக் கஞ்சி ஒரு சொட்டு விட்டால் விதையில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பாக்கெட் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது ஏற்கெனவே மருந்து பூசிய விதை. கையால் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். அதற்கு மேல் இந்தத் தூளைப் போடுவது வீண்.

தர்மபுரி மொட்டைமாடி
ஜூலை 22, இரவு 9:30

துணிக் கணக்கு வந்துவிட்டது. பத்துக்குத் தக்காளி 9, மிளகாய் 6, கத்தரி 2. மிளகாய் பதினோராம் நாள்தான் கண் திறந்தது. பாக்கெட்டைப் பார்த்தால் கத்தரி மட்டும் கெடு தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாங்கும்போது பார்க்கவே இல்லை. ஆக மிளகாயும் தக்காளியும் நல்ல விதை, கெடுத்தது நான் வைத்த முறை. தெரிந்ததில் எனக்கு நிம்மதி. நார்க்கழிவை மூன்று தடவை கழுவிவிட்டேன், ஐயா சொன்னபடி ஒகேனக்கல் தண்ணீர் ஒரு குடம் தனியாக வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் விதைக்கிறேன். தட்டு வராந்தாவில்தான் இருக்கும்.

ஓசூர் பால்கனி
ஜூலை 23, காலை 8:00

இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு கேள்வி. பாக்கெட்டே வேண்டாம் என்று கடைத் தக்காளியைப் பிழிந்து விதை எடுத்துப் போடலாமா? ஹைப்ரிட் விதை எல்லாம் மலட்டு விதை, முளைக்காது என்கிறார்களே?

காவேரிப்பட்டணம் விதைப்பெட்டி
ஜூலை 23, மாலை 4:40

அது தவறான பேச்சு. ஹைப்ரிட் தக்காளியின் விதையும் முளைக்கும், காய்க்கும். ஆனால் தாய்ச்செடி போல வராது. ஒரு செடி குட்டையாக, ஒன்று நெட்டையாக, ஒன்றில் பெரிய பழம், ஒன்றில் கோலிக்குண்டு என்று பிரிந்துவிடும். அம்மா அப்பா இரண்டு வேறு ரகமாக இருந்து பிறந்த பிள்ளை அது, அடுத்த தலைமுறையில் இருவர் குணமும் கலைந்து வரும். சந்தைக்கு வருகிற தக்காளி பெரும்பாலும் ஹைப்ரிட்தான்.

பிகேஎம் 1, பையூர் 1 போன்றவை அப்படி இல்லை. பிகேஎம் 1 பெரியகுளத்தில் உருவான ரகம், அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்தது. பையூர் 1 நம் காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. இவற்றில் விதை எடுத்தால் அதே பழம் வரும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவாகிவிடும். நல்ல செடியில் நன்றாகப் பழுத்ததைப் பறித்து, விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் பிழிந்து ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்க விடுங்கள். வழவழப்பு கழன்றுவிடும். கழுவி, மிதக்கிற பதரைக் கொட்டிவிட்டு, மூழ்கியதைத் தட்டில் பரப்பி நிழலில் காய விடுங்கள். காகிதத்தில் காயப் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கத்தரியும் மிளகாயும் வெண்டையும் பக்கத்துச் செடியோடு கலக்கும். ஒரே ரகம் மட்டும் போட்ட வருடத்தில் விதை எடுப்பது நல்லது.

சுரை, பீர்க்கு, பூசணியில் ஆண் பூ வேறு பெண் பூ வேறு, பூச்சிதான் மகரந்தம் கொண்டு வரும். பக்கத்துத் தெருச் சுரையும் கலந்துவிடும். பூசணியும் பாகலும் காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் சாயந்திரம்தான் மலரும். அதனால் இவை இரண்டிலும் மாலை நாலு மணிக்கே அன்று மலரப்போகிற மொட்டுகளைப் பாருங்கள். பெண் மொட்டின் அடியில் பிஞ்சு இருக்கும். அதையும் ஓர் ஆண் மொட்டையும் துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். விரிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, மறுபடி மூடி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் காயை மட்டும் கொடியிலேயே முற்ற விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எந்தச் சுரைக்காயானாலும் நறுக்கியதும் நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்கொடியின் காயையும் ஒதுக்கிவிடுங்கள். கசப்புச் சுரை வயிற்றைக் கெடுப்பதோடு நிற்காது, ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகும்.

பாலக்கோடு தக்காளித் தோட்டம்
ஜூலை 23, இரவு 9:55

ஹைப்ரிட் என்றாலே கெட்டது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக்கும் ஹைப்ரிட்தான். இலைச்சுருட்டு வைரஸ், வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். கோடையில் எங்கள் பக்கம் அந்த வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ வந்தால் நாட்டுத் தக்காளி நிற்காது. எனக்கு வருமானம் வேண்டும், அதனால் ஹைப்ரிட் போடுகிறேன். வீட்டுக்கு மட்டும் வரப்போரம் நாலு நாட்டுச் செடி. ரசத்துக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும்.

அரூர் பழைய தோட்டக்காரர்
ஜூலை 24, காலை 5:20

ஆடி பிறந்துவிட்டது, ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தக்காளி எப்போது வேண்டுமானாலும் போடலாம். பந்தல் அவரையை இப்போது விட்டால் போயிற்று. எங்கள் அம்மா கேழ்வரகுக் கொல்லையில் சால் விட்டு அவரையும் துவரையும் போடுவார். கேழ்வரகு அறுத்த பிறகு அவரை பூக்கும், தை வரைக்கும் களிக்குக் குழம்பு அதிலேதான். ஒரு வருடம் தையில் விதைத்தேன், கொடி கூரை ஏறியது, அந்தக் கோடை முழுக்க ஒரு பூ இல்லை. பகல் பொழுது குறைந்து இரவு நீண்டால்தான் இந்த அவரை பூக்கும். குத்து அவரைக்கு அந்தக் கணக்கு இல்லை, எப்போதும் காய்க்கும், ஆனால் அதில் அந்த மணம் எனக்குக் கிடைக்கவில்லை.

என் வீட்டில் நாட்டு அவரை விதை இருக்கிறது, சாம்பலில் புரட்டி வைத்தது. போன வாரம்கூடப் பத்துக்கு எட்டு முளைத்தது. யாருக்கு வேண்டும்?

தர்மபுரி மொட்டைமாடி
ஜூலை 24, காலை 7:15

ஐயா, எனக்குப் பத்து விதை வேண்டும். மாடியில் பந்தலுக்குக் கம்பி இருக்கிறது. இன்று தக்காளி 30 குழி, மிளகாய் 30 குழி. இந்தத் தடவை மிளகாய்க்குக் குழிக்கு இரண்டு விதை.

அரூர் பழைய தோட்டக்காரர்
ஜூலை 24, காலை 7:40

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குத் தர்மபுரி வருகிறேன். காலை ஏழு மணிக்கு உழவர் சந்தை வாசலில் இருப்பேன். பீர்க்கு விதையும் கொண்டு வருகிறேன். அதன் தோல் கெட்டி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்துப் போடுங்கள்.

தர்மபுரி மொட்டைமாடி
ஆகஸ்ட் 29, மாலை 6:20

தக்காளி 30 குழியில் 27 முளைத்து 26 நின்றது. மிளகாய் 30 குழியில் 25. நாற்றழுகல் ஒன்றே ஒன்றில்தான் வந்தது, உடனே பிடுங்கிவிட்டேன். முளைத்த மூன்றாம் நாளிலிருந்து இளவெயில் காட்டினேன், அதனால் தண்டு குட்டையாகத் திடமாக இருக்கிறது. தக்காளி பைக்கு மாறிப் பத்து நாள் ஆகிறது, மிளகாயை இன்று மாற்றினேன். மீதி நாற்றில் எதிர்வீட்டுக்கும் மகளின் டீச்சருக்கும் கொடுத்தோம். ஐயா கொடுத்த அவரை பத்தில் எட்டு வந்து கம்பியைப் பிடித்துவிட்டது.

தக்காளியில் இரண்டு செடியின் நுனி இலை மட்டும் லேசாக மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது. வெயிலாலா?

பாலக்கோடு தக்காளித் தோட்டம்
ஆகஸ்ட் 29, இரவு 8:05

மதியம் சுருண்டு காலையில் விரிந்தால் வெயில்தான், விட்டுவிடலாம். காலை ஆறு மணிக்கும் சுருண்டே இருந்து, இலை சிறுத்து வெளிறினால் வைரஸ். இலையைத் திருப்பி அடியில் பாருங்கள், தட்டினால் வெள்ளையாகப் பறக்கிறதா என்று. பறந்தால் மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டை இன்றைக்கே மாட்டுங்கள். காலையில் பார்த்துவிட்டு எழுதுங்கள். வைரஸ்தான் என்றால் அந்த இரண்டையும் பிடுங்கிவிட வேண்டும், மனது கேட்காது, ஆனால் மற்றவை பிழைக்கும்.

தர்மபுரி மொட்டைமாடி
ஆகஸ்ட் 30, காலை 6:25

விரிந்திருக்கிறது அண்ணா. அடியில் ஒன்றும் இல்லை. அட்டை மாட்டிவிட்டேன்.